கோட்டைக்காடு

எங்கள் பக்கத்தில் காடு என்றால் வனம் அல்ல. "காட்டுக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் சோளமோ கொள்ளோ விதைத்த தன் நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். யானை இருக்கும் இடத்துக்கு மலை என்று பெயர். காடு என்பது ஏர் ஓடும் இடம். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. பள்ளத்தில் இருந்தால் பள்ளக்காடு, மேட்டில் இருந்தால் மேட்டுக்காடு, பனை நின்றால் பனங்காடு. தொண்டாமுத்தூரிலிருந்து வெள்ளியங்கிரி மலையைப் பார்த்தபடி மேற்கே போனால், போளுவாம்பட்டி, முட்டம் பக்கத்தில் ஒரு காட்டுக்குக் கோட்டைக்காடு என்று பெயர்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்புச்சி என்னை அங்கே கூட்டிப் போனார். அம்மாவின் அப்பா. மண்சுவர் வைப்பது அவர் தொழில். கோட்டை பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் நடக்கவைத்தார். நான் செஞ்சிக்கோட்டை படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருந்தேன். அப்படி ஒன்று பனைமரங்களுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் என்று நினைத்து நடந்தேன். போய்ச் சேர்ந்த இடத்தில் உழுத நிலம்தான் இருந்தது.

"கோட்டை எங்கீங்க அப்புச்சி?"

"நீ நிக்கறதுதான் கண்ணு. மண்ணுல வெச்சது, மண்ணுக்கே போயிருச்சு."

அன்றைக்கு எனக்கு வந்த ஏமாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். பிற்பாடு வரலாற்று ஆசிரியராகி முப்பது வருடம் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகும் கொங்கு நாட்டின் மண்கோட்டைகளைத் தேடி அலைகிறேன். அந்தப் பத்து வயதுக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த அலைச்சல் என்று நினைக்கிறேன். இத்தனை கோட்டைகள் எங்கே போயின?

போளுவாம்பட்டியில் மாநிலத் தொல்லியல் துறை 1979 முதல் 1981 வரை அகழாய்வு செய்தது. பானை ஓடுகளும் சுடுமண் உருவங்களும் கிடைத்தன. நொய்யல் கரையில் பழங்காலத்திலேயே ஒரு ஊர் செழித்திருந்தது என்பது அதில் உறுதியானது. எனக்கு அதில் வியப்பில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் பாதை நம் வாசலில்தான் தொடங்குகிறது. பேரூரை அடுத்த சுண்டக்காமுத்தூர் அய்யாசாமி மலையில் ராசகேசரிப் பெருவழி என்று அந்தப் பாதையின் பெயரையே தமிழிலும் வட்டெழுத்திலும் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. சரக்கு போகிற வழி என்றால் சுங்கம் இருக்கும். சுங்கம் இருந்தால் அதைக் காக்க ஆள் வேண்டும், ஆள் தங்க அரண் வேண்டும். அந்த அரணை எழுப்ப ஊரில் எப்போதும் கிடைத்த பொருள் மண்.

மண்கோட்டை கட்டும் கணக்கை அப்புச்சி எனக்குச் சொல்லித் தந்தார். அதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன், சொல்ல இன்னொருவர் இருப்பாரோ இருக்கமாட்டாரோ தெரியவில்லை. அகழியும் மதிலும் இரண்டு வேலை அல்ல, ஒரே வேலை. அகழி தோண்டினால் வருகிற மண்தான் மதில். பள்ளம் எவ்வளவு இறங்குகிறதோ அந்த அளவுக்கு மேடு ஏறும். பத்தடி ஆழம் தோண்டிப் பத்தடி உயரம் எழுப்பினால் கீழே நிற்பவனுக்கு அது இருபதடி. மண்வேலைக்கென்றே ஊர் ஊராகப் போன ஒட்டர்கள், தோண்டிய குழியின் நடுவே ஒரு மண்தூணை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். எத்தனை ஆழம் தோண்டினோம் என்பதற்கு அது சாட்சி. அதை அளந்துதான் கூலி.

சுவர் எழுப்புவது தனிக் கலை. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து வரும் செம்மண்ணை எடுத்து, நீர் விட்டுப் புளிக்க வைத்து, வைக்கோல் கலந்து காலால் மிதிக்க வேண்டும். பிறகு ஒரு முழம் உயரத்துக்கு ஒரு படை வைத்து அதைக் காயவிட வேண்டும். காய்ந்தபின்தான் அடுத்த படை. அவசரப்பட்டு ஈரத்தின் மேல் வைத்தால் அடியில் உள்ள படை பிதுங்கிவிடும். "ஒரு நாளைக்கு ஒரு படைதான் கண்ணு. மண்ணு சொல்ற வேகத்துலதான் போகோணும்" என்பார். சுவர் முடிந்ததும் உச்சியில் ஓலை போடுவார். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் அந்த ஓலையை மாற்றி, கரைந்த இடத்தில் புது மண் அப்ப வேண்டும். ஒரு வருடம் விட்டால் சுவரின் தலை கரையும். பத்து வருடம் விட்டால் ஆள் உயரச் சுவர் இடுப்பளவாகும். நூறு வருடம் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் கோட்டைக்காட்டில் காட்டினார் போலும்.

மண் என்றதும் பலவீனம் என்று யாரும் எண்ண வேண்டாம். பீரங்கி வந்த பிறகு கல்லைவிட மண்ணே நன்றாகத் தாக்குப்பிடித்தது. குண்டு பட்டால் கல் சிதறும், மண் விழுங்கிக்கொள்ளும். ராஜஸ்தானத்துப் பரத்பூரின் மண்கோட்டையை 1805 ஜனவரி, பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கும்பினியின் ஜெனரல் லேக் நான்கு முறை தாக்கினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சாவிலும் காயத்திலும் இழந்தார், கோட்டை விழவில்லை. அதே 1805 ஜூலை 31இல்தான் தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். அவருடைய ஓடாநிலைக் கோட்டையையும் அந்த வருடமே தரைமட்டமாக்கினார்கள். ஓடாநிலைக்குப் போகும்போதெல்லாம் இந்த இரண்டு செய்தியும் சேர்ந்தே எனக்கு நினைவுக்கு வரும். இன்று அங்கே மணிமண்டபம் இருக்கிறது. மதில் இல்லை.

ஆனால் நான் அதிகம் நின்று பார்த்தது கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டில். உக்கடம் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். வீடுகளும் கடைகளும் நெருங்கிய தெருக்கள், பள்ளிவாசல்கள், நடுவே கோட்டை ஈசுவரன் கோயில் என்று எல்லோரும் சொல்லும் சங்கமேசுவரர் கோயில். கோட்டை என்பதும் மேடு என்பதும் இன்று பெயரில் மட்டும் இருக்கின்றன. மாணவர்களை வருடத்துக்கு ஒரு முறை அங்கே கூட்டிப் போவேன். அவர்களும் என்னைப் போலவே கேட்பார்கள்: கோட்டை எங்கீங்க சார்?

அந்தக் கோட்டை முப்பது வருடத்துக்குள் எத்தனை கை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். 1768இல் ஹைதர் அலியிடமிருந்து கும்பினிப் படை பிடித்தது, அந்த வருடம் முடிவதற்குள் ஹைதர் திரும்பப் பிடித்தார். 1783 நவம்பரில் கர்னல் புல்லர்ட்டன் பாலக்காட்டைப் பிடித்த கையோடு கோயம்புத்தூரையும் பிடித்தார். 1784 மங்களூர் உடன்படிக்கையில் அது திப்பு சுல்தானிடம் திரும்பிப் போனது. 1790 ஜூலையில் ஜெனரல் மெடோஸ் வந்தார். ஒவ்வொரு முறையும் படை வந்தபோது ஊரின் நெல்லும் மாடும் போயின, மக்கள் ஓடினார்கள். அதைப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

1791இல் நடந்த முற்றுகை மட்டும் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. இந்தக் கோட்டையை வைத்துக்கொள்ள முடியாது என்று முடிவுசெய்து, நல்ல பீரங்கிகளையும் மருந்தையும் கும்பினியார் பாலக்காட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். எடுத்துப் போகத் தகுதியில்லாத பழைய பீரங்கிகளும் சிறு படையும் லெப்டினன்ட் சால்மர்ஸ் பொறுப்பில் விடப்பட்டன. அவருடன் திருவிதாங்கூர்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஜூன் மாதம் திப்புவின் படை வந்து சூழ்ந்தது. இரண்டு மாதம் மதில் தாங்கியது. ஆகஸ்ட் 11 விடியலில் நாலா பக்கமும் ஏறித் தாக்கினார்கள், உள்ளே இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். பாலக்காட்டிலிருந்து மேஜர் கப்பேஜ் உதவிக்கு வந்ததும் முற்றுகை விலகியது. லெப்டினன்ட் நாஷ் ஒரு சிறு படையோடு வந்து சேர்ந்துகொண்டார்.

அக்டோபரில் கமருதீன் கான் பெரும்படையோடு வந்தார். இந்த முறை மதுக்கரைப் பக்கத்திலேயே கப்பேஜின் படை மறிக்கப்பட்டுப் பாலக்காட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மதிலில் உடைப்பு விழுந்தது. மருந்து தீர்ந்தது. நவம்பர் தொடக்கத்தில் சால்மர்ஸ் சரணடைந்தார். பாலக்காட்டுக்குப் போகவிடுவோம் என்பதுதான் பேச்சு. ஆனால் அவர்களைச் சீரங்கப்பட்டணத்துக்குச் சிறையாகக் கொண்டுபோனார்கள். மறு வருடம் பிப்ரவரியில் சமாதானம் பேசத் திப்பு அனுப்பியதும் இதே சால்மர்ஸையும் நாஷையும்தான். அந்த 1792 உடன்படிக்கைக்குப் பின்னும் கோயம்புத்தூர் திப்புவிடமே இருந்தது. இரண்டு முற்றுகைகளில் தனக்கு எதிராக நின்ற இந்த மதிலை அவரே இடிக்கச் சொன்னார். 1800 ஜூன் 3இல் பாளையக்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து கோயம்புத்தூரில் இருந்த கும்பினிப் படையைத் தாக்கத் திட்டமிட்டபோது, பிடிப்பதற்கு அங்கே பழைய கோட்டை இல்லை. திட்டம் தோற்றது. பிடிபட்டவர்களில் பலரைத் தூக்கிலிட்டார்கள்.

இடிந்த கோட்டையின் மண் எங்கே போனது? நான் இதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். என் எண்ணம் இது: அகழியில் பாதி, ஊரின் வீட்டுச் சுவர்களில் பாதி. புளிக்க வைத்து மிதித்த மண் கைக்கெட்டும் தூரத்தில் குவிந்து கிடக்கும்போது, புதிதாக வெட்டப் போகிறவர் யார்? கோட்டைமேட்டின் பழைய வீடு ஒன்றை இடிக்கும்போது முழங்கை நீளத்துக்கு அகன்ற மண்சுவரைப் பார்த்தேன். அதைத் தொட்டபோது எனக்குப் பட்டது இதுதான். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனாலும் நான் அப்படியே நம்புகிறேன்.

மற்ற கோட்டைகளின் முடிவையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாராபுரம் கோட்டை 1792இல் இடிக்கப்பட்டது. ஈரோட்டில் ஹைதர் காலத்தில் மூவாயிரம் வீடுகள் இருந்தன. அடுத்தடுத்த போர்களில் ஊரே காலியாகி, சமாதானம் வந்த பிறகு நானூறு வீடுகளோடு மீண்டும் தொடங்கியது. அங்கிருந்த கோட்டையில் 1807 வரை காவல்படை இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877இல், பசித்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே அந்த மதிலை வெட்டி அகழியை நிரப்பினார்கள். ஒரு காலத்தில் ஊரைக் காக்க எழுப்பிய மண், கடைசியாக ஒரு முறை ஊருக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுப் போயிற்று. ஈரோட்டுக் கோட்டைக்குக் கிடைத்தது நல்ல முடிவு என்றே எனக்குத் தோன்றும்.

பவானியும் மோயாறும் கூடும் இடத்தில் இருந்த தண்ணாயக்கன்கோட்டை தண்ணீருக்குள் போனது. போசளர்களின் தண்டநாயகர்கள் 14ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஆண்டார்கள். 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த பவானிசாகர் அணை அதை மூழ்கடித்தது. அந்த அணையே எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணால் எழுப்பிய கரை. நீர் நன்றாக வற்றும் வருடங்களில் பழைய மாதவப்பெருமாள் கோயில் வெளியே தெரியும். செய்தி வந்ததும் பஸ் ஏறிப் போய்விடுவேன். வெடித்த சேற்றில் நின்று, மறுகரையில் நீண்டு கிடக்கும் இன்றைய மண்மேட்டைப் பார்ப்பேன்.

நம் மண்கோட்டைகள் இப்படிப் போயின. ஆனால் இங்கிலாந்தில் இப்படிப்பட்டவை இன்றும் நிற்கின்றன. 1066இல் கடல் தாண்டி வந்த நார்மானியர்கள், பிடித்த ஊர்களை அடக்கிவைக்க அவசர அவசரமாக எழுப்பியவை மண்கோட்டைகள். சுற்றிலும் பள்ளம் வெட்டி, அந்த மண்ணை நடுவில் குன்றாகக் குவித்து, உச்சியில் மரவேலி அடித்தார்கள். நம் ஒட்டர் கணக்கேதான். பின்னாளில் முக்கியமானவற்றைக் கல்லால் எழுப்பிக்கொண்டார்கள். மற்றவற்றை விட்டுவிட்டார்கள். விட்ட இடத்தில் மரம் முளைத்தது. மரம் முளைத்த இடத்துக்கு ஏர் வராது. அதனால் தொள்ளாயிரம் வருடம் கழித்தும் ஓக் மரங்களுக்கு நடுவே அந்தப் பள்ளமும் மேடும் இலைச் சருகு மூடி அப்படியே கிடக்கின்றன. இப்போது விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி, மரங்களைக் கணக்கில் கழித்துவிட்டுத் தரையின் மேடுபள்ளத்தை மட்டும் வரைகிறார்கள். தொல்சின்னங்களைக் காக்க 1882இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. கல் ஒன்றும் இல்லாத வெறும் மண்மேடும் அங்கே பாதுகாக்கப்பட்ட சின்னம். அதன் மேல் மண்வெட்டி போட அனுமதி வாங்க வேண்டும்.

இந்த இங்கிலாந்துக் கதையைப் படித்த நாளில் அப்புச்சி சொன்னதன் மறுபாதி எனக்குப் புரிந்தது. அவர்கள் காட்டில் மரம் இருந்தது, மண்மேடு பிழைத்தது. நம் காட்டில் ஏர் ஓடியது, மண்மேடு கரைந்தது. நம்மிடமும் கோட்டையைச் சுற்றி மரக்காடு வளர்க்கும் வழக்கம் இருந்திருக்கிறது. சங்க நூல்கள் மதில், அகழி என்பதோடு மிளையையும் சேர்த்தே சொல்கின்றன. மிளை என்றால் காவற்காடு. திருக்குறளின் அரண் அதிகாரமும் நீர், நிலம், மலை ஆகியவற்றோடு நிழல் அடர்ந்த காட்டை அரணில் ஒன்றாக எண்ணுகிறது. பாளையக்காரர் கோட்டைகளைச் சுற்றி முள்புதரை அடர்த்தியாக வளர்த்தார்கள். கோட்டை விழுந்ததும் அந்தக் காவற்காடும் வெட்டப்பட்டது. காங்கயம் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலியைப் பார்க்கும்போது, காவற்காட்டின் கடைசி வாரிசு இதுதானோ என்று நினைப்பேன்.

இன்று எங்கள் ஊரில் அகழி என்ற சொல்லைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். மலையடிவாரத்தில் யானை இறங்காமலிருக்க வனத்துறை வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு அதுதான் பெயர். யானை அகழி. நடைபயிற்சிக்கு அந்தக் கரை ஓரமாகப் போய்வருவேன். வெட்டிய புதிதில் விளிம்பு கத்தி போல இருக்கும். முதல் மழையில் விளிம்பு உருளும். இரண்டாவது மழையில் அடியில் வண்டல் சேரும். யானை காலால் கரையை இடித்துத் தள்ளி, தானே சரிவு உண்டாக்கி இறங்கி ஏறிவிடும். கவனிக்காமல் சில வருடம் விட்டால் மாடே தாண்டும். ஒரு கோட்டை எப்படிச் சாகிறது என்பதை எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாக இந்த அகழியில்தான் நான் பார்த்தேன்.

மண்ணால் எழுப்பியதிலேயே பல நூறு வருடம் நிலைத்தவையும் நம் கண்முன் இருக்கின்றன. சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து வரும் வாய்க்காலும், அது நிரப்பும் கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளங்களின் கரைகளும் மண்தான். அவை கரையாமல் இருப்பதற்குக் காரணம் நொய்யல் பாசனக்காரர்கள். வருடா வருடம் தூர் வாரி, அந்த வண்டலைக் கரைமேல் போட்டார்கள். குடிமராமத்து என்று அதற்கு முறையே இருந்தது. அப்புச்சி ஓலை மாற்றிய அதே வேலை. கோட்டைக்கு அதைச் செய்ய, ராஜா போன பிறகு யாருக்கும் தேவை இருக்கவில்லை. குளத்தங்கரைக்குத் தேவை இருந்தது. கரைமேல் நடக்கும்போது, கோட்டைக்காட்டின் மதில் எழுப்பிய கைகளின் வேலையை இங்கேதான் உயிரோடு பார்க்கிறேன்.

இப்போது கோட்டைக்காடு போன்ற பெயர்களும் போய்க்கொண்டிருக்கின்றன. தொண்டாமுத்தூரைச் சுற்றிக் காடுகள் மனைகளாகின்றன. அளவுக்கல் நட்டு, தார் ரோடு போட்டு, வாசலில் வளைவு கட்டி, அதற்கு ஏதோ ஒரு கார்டன் என்றோ அவென்யூ என்றோ பெயர் வைக்கிறார்கள். நிலம் விற்பதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, என் பங்கும் விற்றுப்போனதுதான். ஆனால் பத்திரத்தில் சர்வே எண் இருக்கும், காட்டின் பெயர் இருக்காது. மதிலைக் கரைக்க மழைக்கு இருநூறு வருடம் ஆனது. பெயரைக் கரைக்க ஒரு தலைமுறை போதும் போலிருக்கிறது.

உங்கள் ஊரிலும் கோட்டை, மேடு, அகழி, கொத்தளம் என்று பெயர் கொண்ட காடு ஒன்று இருக்கலாம். கல் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். மழை பெய்த மறுநாள் போய், தண்ணீர் எங்கே நீண்ட கோடாகத் தேங்குகிறது என்று பாருங்கள், பழைய அகழியாக இருக்கக்கூடும். எழுபது தாண்டிய ஒருவரிடம் அந்த இடத்தின் பெயரையும் எல்லையையும் கேட்டு, சர்வே எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி, மாவட்டத் தொல்லியல் அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். மனை போடுகிறவர் தெரிந்தவராக இருந்தால், ஒரு தெருவுக்காவது பழைய பெயரை வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் செய்யுங்கள்.